‘ஹீரோவின் பயணம்’ வகுப்பு எடுக்கிற அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க. உங்கள்ல ஒருத்தரோட ரெண்டு நாள் திரைக்கதை வொர்க்‌ஷாப்புக்கு காசு கட்டி வந்து கடைசி வரிசையில உக்காந்தவன் நான். காபி நல்லா இருந்துச்சு, அதுல குறையே இல்ல. ஆனா போர்டுல ஒரு வட்டம் போட்டு, அழைப்பு, மறுப்பு, குரு, சோதனை, பரிசு, வீடு திரும்பல்னு 12 படி எழுதிட்டு, இது கிரேக்க புராணத்துலயே இருக்கு, அகிலீஸ் ஹெர்குலிஸ் எல்லாருக்கும் இதே ரூட்டுதான்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் எனக்கு தூக்கம் கலைஞ்சுது.

அந்த வட்டம் கிரீஸ்ல பொறந்தது இல்லீங்க. ஜோசஃப் கேம்பல்ங்கிற அமெரிக்கர் 1949ல போட்ட புக்ல அது 17 படி, அதை ஹாலிவுட்ல ஸ்கிரிப்ட் படிச்சு ரிப்போர்ட் எழுதிட்டு இருந்த கிறிஸ்டோபர் வோக்லர் 80கள்ல 12ஆ சுருக்கினார். உங்களுக்கு அது உதவுதா, தாராளமா வச்சுக்கோங்க. அகிலீஸ் தலையில மட்டும் கட்டாதீங்க.

டிராய் போரை பத்தி ஹோமர் பாடுன இலியட் காவியத்தோட முதல் வார்த்தையே ‘கோபம்’. தனக்கு பங்கா வந்த பிரிசேயிஸ்ங்கிற பொண்ண கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னன் புடுங்கிட்டான்னு அகிலீஸ் சண்டைக்கு போகாம கப்பல் பக்கத்துல உக்காந்துக்கிறான், அதோட விட்டானா, அம்மா தீட்டிஸ்கிட்ட அழுது, பெரிய சாமி சூஸ்கிட்ட சொல்லி நம்ம ஆளுங்களையே தோக்க வை, அப்பதான் என் அருமை தெரியும்ங்கிறான். சொந்த பக்கத்து ஆளுங்க சாகணும்னு கேக்கிற ஹீரோ! இது உங்க வட்டத்துல எத்தனாவது படி? அப்புறம் அவனோட கவசத்தை போட்டுட்டு போன நண்பன் பத்ரோக்லஸ் சாகுறான், இவன் வெறி புடிச்சு, அவனை கொன்ன டிராய் இளவரசன் ஹெக்டரை கொன்னு தேர்ல கட்டி இழுக்கிறான், நண்பன் சிதையில 12 டிராய் பசங்களை அறுத்து போடுறான். கடைசியில ஹெக்டரோட அப்பன் பிரியம், அந்த கிழவன், ராத்திரியில கூடாரத்துக்குள்ள வந்து தன் புள்ளைய கொன்ன கையையே முத்தம் குடுத்து பொணத்தை கேக்கிறான், ரெண்டு பேரும் சேர்ந்து அழுவுறாங்க. எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு அந்த இடத்துல தொண்டை அடைக்கும். அதோட எதிரியோட சாவு சடங்கு முடிஞ்சா கதையும் முடிஞ்சுது. டிராய் விழுற மரக்குதிரையும் இல்ல, அகிலீஸ் சாகுற குதிகால் அம்பும் இல்ல. வீடு திரும்பலா? அதான் இவனுக்கு கிடையவே கிடையாது. இங்கயே இருந்தா சீக்கிரம் சாவு, ஆனா அழியாத பேரு, ஊருக்கு போனா நீண்ட ஆயுசு, பேரு கிடையாதுன்னு அம்மா முன்னாடியே சொல்லிட்டா.

சரி, ஹோமரோட இன்னொரு காவியம் ஒடிசியில ஒடீசியஸ் போர் முடிஞ்சு வீட்டுக்கு வந்தான்ல, அது வட்டத்துல உக்காருதேன்னு சொல்வீங்க. ஒத்துக்கிறேன், உக்காருது. ஆனா 12 கப்பல்ல கூட்டிட்டு போன ஆளுங்க ஒருத்தன் மிச்சமில்ல, வந்து தன் பொண்டாட்டிய கட்டிக்க காத்திருந்த 108 மாப்பிள்ளை கேண்டிடேட்டை வெட்டி சாய்க்கிறான், 12 வேலைக்காரப் பொண்ணுங்களை மகன் தூக்குல தொங்க விடுறான். அதுக்கப்புறமும் முடியல, குறி சொன்னபடி ஒரு துடுப்பை தோள்ல வச்சுக்கிட்டு உள்நாட்டுக்குள்ள நடந்துகிட்டே இருக்கணும், கடலையே பாக்காத எவனாவது “இது என்னய்யா, தானியம் தூத்துறதா”ன்னு கேக்குற வரைக்கும்.

இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வரேன். ஹீரோஸ்ங்கிற கிரேக்க வார்த்தைக்கு நீங்க நாயகன்னு அர்த்தம் வச்சுதான் எல்லாம் குழம்புது. ஹோமர் அதை போர்க்களத்துல நிக்கிற ஆளுங்களுக்கு சும்மா சொல்றார்தான். ஆனா பின்னாடி ஊர் ஊரா கும்பிட்டப்ப ஹீரோன்னா செத்து சமாதிக்குள்ள இருந்துக்கிட்டு நல்லதும் பண்ணுவான், கெட்டதும் பண்ணுவான்னு பயந்து பலி குடுக்கப்படுற ஆளு. நடுகல் வச்ச ஊர்க்காரங்களுக்கு, கொல்லப்பட்டவன் சாமியாகுற கதை தெரிஞ்சவங்களுக்கு இது வெளங்க அஞ்சு நிமிஷம் ஆகாது. ஒலிம்பியாவுல பீலாப்ஸ்ங்கிற செத்துப்போன ஹீரோவுக்கு கறுப்பு கிடா வெட்டுவாங்க, அந்த கறிய தின்னவன் சூஸ் கோயிலுக்குள்ள நுழையக்கூடாதுன்னு பயணி பௌசானியஸ் எழுதி வச்சிருக்கார். ஏதென்ஸ்காரங்க துரத்திவிட்டு, ஸ்கைரோஸ் தீவுல மலையில இருந்து தள்ளி கொல்லப்பட்ட அவங்க பழைய ராஜா தீசியஸோட எலும்புன்னு, கி.மு. 475 வாக்குல ஏதென்ஸ் தளபதி கிமோன் தோண்டி எடுத்துட்டு வர, அதே ஏதென்ஸ் கொண்டாடி வாங்கிச்சு. உயிரோட இருந்தப்ப வேணாம், எலும்பு வேணும்.

இதுல எனக்கு மறக்கவே முடியாத ஆளு கிளியோமீடிஸ். இவன் கதையும் பௌசானியஸ் சொல்றதுதான். அஸ்டிபலையா தீவு குத்துச்சண்டைக்காரன், ஒலிம்பிக்ஸ்ல எதிராளிய கொன்னுட்டான், தப்பாட்டம்னு பரிசு குடுக்கல, துக்கத்துல புத்தி பேதலிச்சு ஊருக்கு வந்து ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ள புகுந்து கூரையை தாங்குற தூணை சாய்ச்சுட்டான், உள்ள 60 பிள்ளைங்க. ஊரே கல்லெடுத்து துரத்துச்சு, அதீனா கோயில் பெட்டிக்குள்ள ஏறி மூடிய உள்ளருந்து இழுத்து புடிச்சுக்கிட்டான். பலகையை உடைச்சு பாத்தா ஆளும் இல்ல பொணமும் இல்ல. குறி சொல்ற கோயில் இருக்கிற டெல்ஃபிக்கு ஆள் அனுப்பி கேட்டா வந்த பதில்: ஹீரோக்கள்ல கடைசி ஆள் இவன்தான், இனி மனுஷன் இல்ல, பலி குடுத்து கும்பிடுங்க. ஊர்க்காரங்க கும்பிட்டாங்க. எந்த தாய் தகப்பன் அந்த பூசைக்கு நின்னாங்களோ.

நல்லவன், வளர்றான், திருந்துறான், ஜெயிக்கிறான், இதெல்லாம் இல்லாமயே அவன் ஹீரோ.

இன்னொண்ணு. அரிஸ்டாட்டில் பேரை வேற அடிக்கடி இழுக்கிறீங்க. அவரே ‘கவிதையியல்’ங்கிற புக்ல, ஹெராக்ளீஸ் (நம்ம ஹெர்குலிஸ்தான்) ஒரே ஆளுங்கிறதால அவனை பத்தின கதையும் ஒண்ணாயிடும்னு நெனச்சு காவியம் எழுதுனவங்க தப்பு பண்ணாங்கன்னு சொல்லியிருக்கார். கதைய கட்டுறது ஆளு இல்ல, செயல். அதுல வர்ற ஹமார்ஷியாவும் நீங்க சொன்ன மாதிரி ‘ஹீரோவோட குணக்குறை’ இல்ல, குறி தப்புறது, தெரியாம செஞ்ச தப்பு. சொந்த அப்பனையே கொன்ன ஈடிபஸ், அது அப்பன்னு தெரிஞ்சா அடிச்சான்?

அடுத்த பேட்ச்ல அந்த வட்டத்தை போடுங்க, வேணாம்னு சொல்லல. பக்கத்துலயே கிளியோமீடிஸ் கதையையும் சொல்லிட்டு அந்த 60 பிள்ளைங்களை எந்த படியில வைக்கிறீங்கன்னு பாக்கணும். நான் வருவேன், இந்த தடவை முதல் வரிசை.