இல்லத்தை இரவில் போய்ப் பாருங்கள்

வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருந்துகொண்டு, மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ முதியோர் இல்லம் தேடும் பிள்ளைகளுக்கு,

வணக்கம். வயதானவர்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவர்கள் எழுதுகிறோம். வட்ஸ்அப் வீடியோவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பளபளக்கும் மாபிள் தரை வீடியோவில் தெரியும், மூத்திர மணம் தெரியாது. அந்த மாபிளும் ஈரமானால் வழுக்கும். இடுப்பெலும்பு முறிய அது போதும்.

ஊரில் உள்ள ஒருவரை அனுப்புங்கள். காலை 10 மணிக்கு எல்லா இல்லமும் நல்ல இல்லம்தான். இரவு 7 மணிக்குப் போகட்டும். முதலில் கேட்க வேண்டியது கட்டணத்தை அல்ல, இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்பதை. படுக்கையில் கிடப்பவரை இழுக்காமல் புரட்ட இரண்டு பேர் வேண்டும். ஒரே ஆள் நின்றால் விடியும்வரை புரட்டமாட்டார்கள்.

படுக்கைப் புண் வராமலிருக்கப் புரட்டுவது ஏறக்குறைய 2 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு 12 தடவை. அதற்கான கொப்பியைக் காட்டச் சொல்லுங்கள். பன்னிரண்டு வரியும் ஒரே பேனை, ஒரே கையெழுத்து என்றால் அது ஒரே இருப்பில் எழுதியது. குதிக்காலையும் நாரியின் கீழ்ப்பக்கத்தையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளிறி மறுபடி சிவக்க வேண்டும். வெளிறவில்லையா, படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. நம்முடைய கறுத்த தோலில் சிவப்பு லேசில் பிடிபடாது. தொட்டுப் பார்த்தால் சூடோ இறுக்கமோ தெரியும்.

சீனி வருத்தம் உள்ளவருக்கு ஆபத்து இன்சுலினைவிட இரவுச் சாப்பாடு பிந்துவதில்தான். கலப்பு இன்சுலின் போட்டு அரை மணித்தியாலத்துக்குள் சாப்பிட வேண்டும். ஊசி 6 மணிக்கு, புட்டு 8 மணிக்கு என்றால் சீனி இறங்கும், வேர்க்கும், பேச்சுக் குழறும். நித்திரையாக்கும் என்று விட்டுவிடுவார்கள். சீனி பார்க்கும் மெசின் எங்கே, இரவில் அதைப் பாவிக்கத் தெரிந்தவர் யார் என்று கேளுங்கள். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை வேண்டும்; கரண்ட் போனால் என்ன செய்கிறார்கள்?

மாதாமாதம் நிறை பார்க்கிறார்களா? 50 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் 2.5 கிலோ குறைந்தால் டொக்டரிடம் காட்ட வேண்டிய விசயம்.

முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு செய்த இல்லமா என்பதைப் பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவில் விசாரியுங்கள். மாரியில் வெள்ளம் ஏறினால் படுக்கையில் கிடப்பவர்களை எந்த வாகனத்தில், எங்கே கொண்டுபோவார்கள்? ஆஸ்பத்திரியில் மறித்தால் கூட நிற்பது யார், அந்தச் செலவு யாருடையது? முற்பணம் திரும்பக் கிடைக்குமா? இவற்றை வாய்ப்பேச்சில் விடாமல் எழுத்தில் வாங்குங்கள். பிறகு வரும் சண்டையில் பாதி இதனால்தான்.

சேர்க்கும் நாளில் கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் பழைய பெட்டியோடு கொடுங்கள். கூடவே ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தக் காது கேட்கும், பல்லுச் செட்டை எப்போது கழற்றுவார், இரவில் எத்தனை தரம் எழும்புவார், எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். ‘அம்மா’ என்றால் அசையாதவர் ‘டீச்சர்’ என்றால் கண் திறப்பார்.

இப்படிக்கு,
முதியோர் பராமரிப்பில் உள்ள சிலர்,
மட்டக்களப்பு