ஐயாவின் ரேடியோவை அப்படியே பிளக்கில் செருகிவிடாதே, தம்பி

அன்புள்ள தம்பி,

கானாடுகாத்தான் வீட்டு மாடியில் கிடந்த ஐயாவின் வால்வு ரேடியோவை (டிரான்சிஸ்டருக்குப் பதிலாக, காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்களான வால்வுகளில் ஓடும் செட்) கீழே இறக்கிவிட்டாய் என்று கேட்டதும் ரொம்ப சந்தோஷம். ஆனால் 'ஒயரை மட்டும் மாற்றிவிட்டு ஆன் பண்ணிப் பார்க்கிறேன்' என்றாயே, அதற்காகத்தான் அவசரமாக இதை எழுதுகிறேன். ஆன் பண்ணாதே.

பல வருஷம் கரண்டே பார்க்காத செட் அது. உள்ளே மெழுகு பூசிய காகிதக் கண்டன்சர்கள் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்ன பாகங்கள்) இருக்கும், ஈரம் வாங்கி எல்லாமே கசிய ஆரம்பித்திருக்கும். அதில் ஒன்று, ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பி வலை) போகும் கப்ளிங் கண்டன்சர், மிகவும் முக்கியம். முந்தின வால்வின் பிளேட்டில் (உள்ளே கரண்ட் போய்ச் சேரும் தகடு) இருக்கும் வோல்டேஜ் இந்தப் பக்கம் வராமல் தடுப்பதுதான் அதன் வேலை, அது கசிந்தால் கிரிட் பாசிட்டிவ் ஆகி, வால்வு அளவுக்கு மீறி கரண்ட் இழுத்து, பிளேட் சிவந்து, கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்பார்மரே எரிந்துபோகும். சில்லறைக் காசில் கிடைக்கும் ஒரு கண்டன்சருக்காக டிரான்ஸ்பார்மரைத் திரும்பச் சுற்ற ஆள் தேடி அலைய வேண்டும். அதனால் முதலில் அதை மாற்று, 630 வோல்ட் பாலியெஸ்டர் போதும். அப்புறம் பவர் சப்ளையில் இருக்கும் பெரிய எலெக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள்.

அதற்கும் முன்னால் பின்பக்க அட்டையைக் கழற்றி, வால்வுகளின் மேல் இருக்கும் எண்ணைப் பார். ஈசிஎச் 81, ஈஎல் 84 என்று 'ஈ'யில் தொடங்கினால் 6.3 வோல்ட் ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை), பெரும்பாலும் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் உள்ள செட். யுசிஎச் 81, யுஎல் 84 என்று 'யு'வில் தொடங்கினால் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏசி/டிசி செட், அதில் கரண்டின் ஒரு முனை நேராக சேஸிஸிலேயே (பாகங்களைப் பொருத்தியிருக்கும் உலோகத் தட்டு) இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேஸிஸில் கை வைத்தாலே ஆளைத் தூக்கிப் போடும். 'யு' என்றால் தொடாதே, நான் வரும்வரை அப்படியே இருக்கட்டும்.

வால்வுகளைக் கழற்றித் துடைக்கும்போது கண்ணாடியில் அச்சடித்த எழுத்தின் மேல் துணியை வைக்காதே, ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம், எழுத்து கையோடு வந்துவிடும். கண்ணாடியின் உள்ளே, பெரும்பாலும் உச்சியில், வெள்ளி பூசியது போல ஒரு பளபளப்பு தெரியும், அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு போச்சு. மற்றபடி வால்வுகள் சுலபத்தில் கெடாது, எல்லாவற்றையும் மாற்றச் சொல்பவர் பேச்சைக் கேட்காதே. டயல் கண்ணாடிக்கும் இதே எச்சரிக்கை: கொழும்பு, ரங்கூன் என்று நீ அனுப்பிய போட்டோவில் தெரியும் பெயர்கள் கண்ணாடியின் பின்பக்கம் எழுதியவை. ஈரத்துணி பட்டால் ஊர்களே காணாமல் போய்விடும். ஐயா ரங்கூன் கடைக் கணக்கு பார்த்தவர், அந்தப் பெயர் அங்கேயே இருக்கட்டும்.

கண்டன்சர் மாற்றிய பிறகு நேராகக் கரண்ட் கொடுக்காமல், 60 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரீஸில், அதாவது கரண்ட் பல்பு வழியாகத்தான் செட்டுக்குப் போகிற மாதிரி, போடு (எல்இடி பல்பு இதற்கு உதவாது). முதலில் பல்பு பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் சரி. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உடனே பிடுங்கிவிடு, உள்ளே எங்கோ ஷார்ட். ஆஃப் பண்ணினாலும் பெரிய கண்டன்சர்களில் 250 வோல்ட், சில சமயம் அதற்கு மேலும் தங்கி நிற்கும், ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

இன்னொன்று. பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே புளூடூத் ஸ்பீக்கர் போடலாம் என்று உனக்கு யோசனை சொன்னார்களாமே. தேக்குப் பெட்டிக்குள் சீன ஸ்பீக்கரா? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளைச் சுற்றி வந்தாலே தெரியும், முழுசாக உள்ளே எல்லாம் இருக்கிற செட் எவ்வளவு அபூர்வம் என்று. திருச்சி வானொலி 1939-இல் தொடங்கியது, மத்திய அலையில் 936 கிலோஹெர்ட்ஸ். அந்த முள்ளைத் திருப்பி, நிலையம் சரியாகப் பிடித்ததைக் காட்டும் பச்சைக் கண் விளக்கு மெல்ல மூடும்போது வரும் குரலை ஒருமுறை நீ கேட்டுவிட வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன்.

வால்வு எண்களை ஒரு தாளில் எழுதி, சேஸிஸின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பு. என்னென்ன கண்டன்சர் என்று பார்த்து நானே வாங்கிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்