பிட்சர் நடுவில் நிற்பதில்லை

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த பேஸ்பால் அறிமுகக் கட்டுரை, ஆட்டத்தைப் பார்த்தே இராதவர்களுக்கும் புரியும்படி இருந்தது. ஆனால் அதோடு வந்த படத்தில் பிட்சரை, அதாவது பந்து வீசுபவரை, சதுரத்தின் நட்டநடுவில் நிறுத்தியிருக்கிறீர்கள். டிவியில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் அது சரியல்ல, அதைக் கண்டுபிடிக்கப் பள்ளியில் படித்த பித்தாகரஸ் தேற்றமே போதும்.

பேஸ்பாலின் உள்களம் என்பது 90 அடி பக்கமுள்ள ஒரு சதுரம். அதன் ஒரு மூலையில், மட்டையாளர் நிற்கும் இடத்தில், ஹோம் பிளேட். மற்ற மூன்று மூலைகளில் வரிசையாக முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ்கள். ஹோம் பிளேட், முதல் பேஸ், இரண்டாம் பேஸ் மூன்றையும் இணைத்தால் செங்கோண முக்கோணம். 90-இன் வர்க்கமான 8,100-ஐ இருமுறை கூட்டினால் 16,200. அதன் வர்க்கமூலம் 127.28. ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸுக்கு நேர்கோட்டில் அத்தனை அடி. உங்கள் கட்டுரை இதோடு நின்றுவிட்டது. சுவாரசியமே இதற்கு அப்புறம்தான்.

கர்ணத்தில் பாதி 63.64 அடி. சதுரத்தின் மையம் அங்கேதான் இருக்கிறது. பிட்சர் கால் ஊன்றும் வெள்ளை ரப்பர் பலகையோ ஹோம் பிளேட்டிலிருந்து 60 அடி 6 அங்குலத்தில் இருக்கிறது. 1893 முதல் இதே தூரம்தான். ஆக, அவர் மையத்துக்கு 3.14 அடி முன்னால், ஹோம் பிளேட் பக்கமாக நிற்கிறார். (பை எண் இங்கேயும் வந்துவிட்டதே என்று யாரும் கிளம்ப வேண்டாம். வெறும் தற்செயல்.) முதல் பேஸையும் மூன்றாம் பேஸையும் இணைக்கும் கோடு அவருக்குப் பின்னால்தான் போகிறது. இந்த 3.14-ஐ ஒரு பக்கமாகவும் 63.64-ஐ இன்னொரு பக்கமாகவும் வைத்து மறுபடி ஒரு செங்கோண முக்கோணம் போட்டால், பிட்சரிடமிருந்து முதல் பேஸ் 63.7 அடி என்று வரும். இரண்டாம் பேஸ் 66.8 அடி. படத்தில் எல்லாமே சமதூரம்!

முதல் பேஸில் இருப்பவர் இரண்டாம் பேஸைத் திருட, அதாவது பந்து அடிக்கப்படாமலேயே அங்கே போய்ச் சேர, ஓடும்போது கர்ணத்தின் அருமை தெரியும். அவர் ஓடுவது சதுரத்தின் பக்கத்தில். அதிலும் சில அடி முன்கூட்டியே நகர்ந்து நின்றிருப்பார். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் எறிய வேண்டியது 127 அடி முழுக் கர்ணம். பந்து கையுறைக்குள் வந்ததிலிருந்து அதை இரண்டாம் பேஸில் சேர்க்க அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 2 நொடி. பிட்சர் அதே கோட்டில் நிற்பதால் சில சமயம் குனிந்து வழிவிட வேண்டியிருக்கும். மூன்றாம் பேஸை ஒட்டிப் பந்தைப் பிடித்து முதல் பேஸுக்கு எறிபவருக்கும் இதே நீளம், அது இன்னொரு மூலைவிட்டம்.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து பக்கமுள்ள ஹோம் பிளேட்டின் பின்முனை சதுரத்தின் மூலையில் பொருந்துகிறது, எனவே அங்கே செங்கோணம் இருந்தாக வேண்டும். விதிப் புத்தகம் அந்த இரு பக்கங்களுக்கும் 12 அங்குலம், அகலத்துக்கு 17 அங்குலம் என்கிறது. 144-ம் 144-ம் 288. 17-இன் வர்க்கம் 289. அளவுகளை அப்படியே எடுத்துக்கொண்டால் அது செங்கோணமே இல்லை! பக்கங்கள் அரை மில்லிமீட்டர் நீண்டால் கணக்கு சரியாகிவிடும். ஆட்டத்தில் இதை யாரும் கவனிக்கப் போவதில்லை. வகுப்பில் சொன்னால் மாணவர்கள் விடமாட்டார்கள்.

சிறுவர் லிட்டில் லீக் களத்தைப் படம் போடுவதாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. அங்கே பக்கம் 60 அடி, பிட்சர் நிற்பது 46 அடியில். மையமோ 42.4 அடியிலேயே வந்துவிடுகிறது. அங்கே அவரை மையத்துக்குப் பின்னால் வரைய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியர்