ஸ்டூல் போட்டாச்சு, உட்காரத்தான் முடியவில்லை

அன்புள்ள முத்து,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சளி குறைந்துவிட்டது.

போனில் பாதி பேசும்போதே மீட்டிங் என்று வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். டீம் லீட் ஆன பிறகு உன் கீழே இரண்டு பேர் வேலையை விடுகிறோம் என்று பேப்பர் போட்டுவிட்டார்கள், சம்பளம் கூட்டித்தானே கொடுத்தோம், என்ன குறை என்று கேட்டாய். ஐடி கம்பெனியைப் பற்றி எனக்கென்ன தெரியும்? ஜவுளிக்கடையைப் பற்றித் தெரியும், அதைச் சொல்கிறேன்.

கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று 2021-இல் நம் சட்டசபையில் சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள். 1947-ஆம் வருடத்துக் கடைச் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு. கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்கிற தையல்காரப் பெண்மணி, முதலில் கழிவறைக்கும் அப்புறம் உட்காருவதற்கும் கடைப் பெண்களைத் திரட்டி வருடக்கணக்கில் போராடினார். எங்கள் கடையில் நாங்கள் வாயே திறக்காமல் ஸ்டூல் வந்து இறங்கியது.

வந்த வாரமே அதன்மேல் அட்டைப்பெட்டி ஏறிவிட்டது. ஒருநாள் மத்தியானம், கூட்டமே இல்லாத நேரம், பட்டு செக்ஷன் பெண் ஒருத்தி பெட்டியை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். சூப்பர்வைசர் திட்டவில்லை. "மடிக்கிறதுக்கு சேலை எதுவும் இல்லையாம்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான், அப்புறம் ஒருத்தியும் உட்காரவில்லை. ரேக்கில் சாய்ந்து கால் மாற்றிக் கால் ஊன்றி நின்றோம். என் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக் கிடப்பதை நீ பார்த்திருக்கிறாய்.

அந்த சூப்பர்வைசரை வேறு கிளைக்கு மாற்றிவிட்டுப் புதிதாக ஒருவரைப் போட்டார்கள். தங்கமான மனிதர் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஒரு பீஸ் குறைந்தால் ராத்திரி கடை அடைத்த பிறகும் எண்ண வைப்பார். ஆனால் வந்த அன்றைக்கே அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, எங்கள் நடுவில் உட்கார்ந்து ஸ்டாக் நோட்டு எழுதினார். அதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தைரியம் வந்தது. பாத்ரூம் போக டோக்கன் வாங்கும் வழக்கத்தையும் எடுத்துவிட்டார். சம்பளம் ஒரு ரூபாய் ஏறவில்லை. ஆனாலும் எதிர்க்கடைக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகத் தருகிறோம் என்று கூப்பிட்டபோது எங்கள் செக்ஷனில் யாரும் அசையவில்லை. பழையவர் காலத்தில் ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு ஆள் வேலையை விட்டு நின்றுவிடும்.

சம்பளம் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. கடன் வட்டி கட்டுகிறவளை எந்த ஸ்டூலும் பிடித்து வைக்காது. ஆனால் உன் டீம் பிள்ளைகளுக்குச் சம்பளம் குறை இல்லை என்று நீயே சொல்கிறாய்.

தீபாவளிக்கு வந்தபோது வாசலில் நின்று உன் டீம் பையன் ஒருவனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாய். "லீவு எடுத்துக்கோ, ஆனா ரிலீஸ் இருக்கு, பார்த்துக்கோ" என்றாய். கொடுத்த மாதிரியும் இருந்தது, கொடுக்காத மாதிரியும் இருந்தது. எனக்கு அந்த சூப்பர்வைசர் சிரிப்புதான் ஞாபகம் வந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு மெயில் வேறு போடுகிறாய். காலையில் பதில் போட்டால் போதும் என்று நீ நினைத்திருக்கலாம், அது அவனுக்கு எப்படித் தெரியும்?

போகிறவர்கள் சொல்லும் காரணத்தை நம்பாதே. எங்கள் கடையில் வேலையை விட்டு நின்றவர்கள் எல்லோருமே "வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள். பாதிப் பேருக்குக் கல்யாணமாகிப் பிள்ளை இருந்தது! இப்போது இருக்கிறவர்களிடம் கேள். ரூமில் கூட்டி வைத்துக் கேட்காதே, ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். டீ குடிக்கப் போகும்போது ஒவ்வொருவராகக் கேள். குறை சொன்னால் உடனே சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடாதே.

பொங்கலுக்கு வரும்போது லேப்டாப் கொண்டு வராதே. கொண்டு வரப்போவதில்லை என்று டீமில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடு. ரயில் டிக்கெட் போட்டுவிட்டாயா? அப்பாவுக்கு அந்த மூட்டுவலித் தைலம் தீர்ந்துவிட்டது, அங்கே கிடைத்தால் இரண்டு பாட்டில் வாங்கி வா.

அன்புடன்,
அம்மா