ராக்கெட் பத்திரமாக இறங்கினால்தான் சான்றிதழ்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொழுதுபோக்காக உயர்திறன் ராக்கெட் கட்டுவோரைப் பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். ஆனால், அவர்கள் எரிபொருளை வீட்டிலேயே கலந்துகொள்கிறார்கள் என்ற வரியும், அதிக உயரத்தை எட்டியவருக்கே சான்றிதழ் கிடைக்கும் என்பது போன்ற தொனியும் சரியல்ல. வேலை நிமித்தம் அமெரிக்காவில் இருந்தபோது முதல் நிலைச் சான்றிதழுக்கு இரண்டு முறை முயன்றவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

அங்கே 1957-இல் தொடங்கப்பட்ட தேசிய ராக்கெட்ரி சங்கமும், ட்ரிப்போலி ராக்கெட்ரி சங்கமும் மூன்று நிலைகளில் சான்றளிக்கின்றன. ராக்கெட்டை உந்தும் மோட்டாரின் மொத்தக் கணத்தாக்கு, அதாவது உந்துவிசையும் அது நீடிக்கும் நேரமும் சேர்ந்த அளவு, எந்த நிலை என்பதைத் தீர்மானிக்கிறது. மோட்டார்கள் இந்த அளவின்படி ஆங்கில எழுத்துகளால் வகைப்படுத்தப்படுகின்றன; எழுத்து ஒன்று ஏறினால் அளவின் உச்சவரம்பு இரட்டிப்பாகும். 160 நியூட்டன்-விநாடியைத் தாண்டிய எச், ஐ மோட்டார்கள் முதல் நிலைக்கும், 640-க்கு மேல் 5,120 வரையிலான ஜே, கே, எல் மோட்டார்கள் எழுத்துத் தேர்வோடு கூடிய இரண்டாம் நிலைக்கும் உரியவை. அதற்கும் மேற்பட்ட எம் முதல் ஓ வரையிலான மோட்டார்களுக்கு மூன்றாம் நிலை வேண்டும். அதில் வடிவமைப்பை மூத்த உறுப்பினர்கள் முன்கூட்டியே அலசுவார்கள் என்பதோடு, பாராசூட்டை வெளியேற்றும் மின்னணு அமைப்பும் ஒன்று கைவிட்டால் மற்றொன்று இயங்கும்படி இரட்டையாக இருக்க வேண்டும்.

எந்த நிலையானாலும், சான்றிதழ்ப் பறப்புக்குச் சோதித்து ஒப்புதல் பெற்ற தொழிற்சாலை மோட்டாரையே பயன்படுத்த வேண்டும். எரிவதற்கு ஆக்சிஜன் தரும் அம்மோனியம் பெர்குளோரேட்டை ரப்பர் போன்ற பிணைப்பானில் கலந்து வார்த்த எரிபொருள் துண்டுகள் ஆயத்தமாகவே வரும். அவற்றைச் செய்முறைக் குறிப்பில் உள்ளபடி மோட்டார் உறைக்குள் அடுக்குவதோடு நம் வேலை முடிந்தது. இது தெரியாமல், அந்த வரியை நம்பிப் பள்ளி மாணவர் எவரேனும் வீட்டில் வேதிப்பொருள்களைக் கலக்கத் துணிந்துவிடக் கூடாதே என்பதுதான் என் பெரிய கவலை.

நாம் நம் கையால் கட்டவேண்டியது உடலைத்தான். துடுப்புகளை எபாக்சியால் ஒட்டி, பசை காயுமுன் மூலைகளை விரலால் வழித்து, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்தே பல மாலைகள் போய்விடும். மோட்டாரைப் பொருத்திய பிறகு ஈர்ப்பு மையம், காற்றின் விசை ஒட்டுமொத்தமாகச் செயல்படும் புள்ளியான அழுத்த மையத்தைவிடக் குறைந்தது ஒரு குழாய் விட்டமாவது முன்னால் இருக்கிறதா என்பதைக் கணக்கிட்டும், ராக்கெட்டைக் கயிற்றில் தொங்கவிட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் முதல் பறப்பு கோடு கிழித்தது போல நேராக எழுந்தது, கைதட்டலும் கிடைத்தது. ஆனால் மோட்டார் எரிந்து ஓய்வதற்கும், பாராசூட்டைத் தள்ளும் கருமருந்து பற்றுவதற்கும் இடைப்பட்ட தாமதத்தை நான் சில விநாடிகள் கூடுதலாக வைத்துவிட்டேன். உச்சியைக் கடந்து தலைகுப்புற வேகமெடுத்த பிறகே பாராசூட் விரிந்ததால், அதை உடலோடு பிணைக்கும் நாடா அட்டைக்குழாயை விளிம்பிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்துவிட்டது. இத்துறையினர் இதை ஜிப்பர் என்பார்கள். கிழிசலைப் பார்த்தவருக்குப் பெயர்க்காரணம் சொல்ல வேண்டியதில்லை. சான்றளிக்க வந்தவர் அந்தப் பிளவில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, படிவத்தைக் கையெழுத்திடாமலே திருப்பித் தந்தார். பழுதுபார்க்காமல் மீண்டும் பறக்கக்கூடிய நிலையில் ராக்கெட் திரும்பினால்தான் தேர்ச்சி. தாமதத்தைச் சரியாகக் கணக்கிட்டு, கனத்த குழாயில் கட்டிய என் இரண்டாவது ராக்கெட் முதலாவது தொட்ட உயரத்தை எட்டவேயில்லை. இருந்தும் நான் தேறினேன்.

இந்தச் சான்றிதழ் வான்வெளியைப் பயன்படுத்தும் அனுமதியும் ஆகாது; அங்கே அதைக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடம் தனியாகப் பெறவேண்டும்.

எரிபொருள் பற்றிய வரிக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் வெளியிடுமாறு வேண்டுகிறேன். தீப்பிழம்போடு ராக்கெட் கிளம்பும் காட்சியை மட்டும் கட்டுரையோடு வெளியிட்டிருந்தீர்கள். இடம் இருந்தால், பாராசூட்டில் தொங்கியபடி அது தரையிறங்கும் படம் ஒன்றையும் அந்தத் திருத்தத்தோடு சேர்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்