சனி இரவுப் பேச்சு: ராமா ராகோபா ராணே

நண்பர்களே, இந்தச் சனிக்கிழமை இரவு 8 மணிக்குக் குரல் கூட்டம். பேசப்போவது கர்நாடகத்தின் கார்வார் பக்கம் சென்டியாவில் பிறந்த செகண்ட் லெப்டினன்ட் ராணேயைப் பற்றி. போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ராவை உயிரோடு இருந்து வாங்கிய முதல் ஆள். பம்பாய் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைக்காரர்.

1948 ஏப்ரல் 8. ஜம்மு காஷ்மீரில் பாகிஸ்தானுடன் போர். அங்கே நௌஷேராவிலிருந்து ரஜௌரிக்கு டாங்கிகள் போக வேண்டும். பாதை முழுக்கக் கண்ணிவெடி. வேலையைத் தொடங்கும்போதே மோர்ட்டார் குண்டு விழுந்து அவருடைய பிரிவில் 2 பேர் பலி, 5 பேருக்குக் காயம். காயம்பட்டவர்களில் அவரும் ஒருவர். கட்டுப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: முன்னால் போகும் டாங்கியின் அடியில் புகுந்துகொண்டு, அதோடு கூடவே ஊர்ந்தார். கையில் இரண்டு கயிறு, மறுமுனை ஓட்டுநரிடம். ஒன்றை இழுத்தால் நில், இன்னொன்றை இழுத்தால் போ. தலைக்கு மேல் இரும்பு, கண்ணுக்கு முன்னால் வெடி! அப்புறம் 10ஆம் தேதி, ஐந்து பெரிய பைன் மரங்களை வெட்டிப்போட்டு, சுற்றிலும் வெடி புதைத்து, இயந்திரத் துப்பாக்கியும் காவலிருந்த தடை. அதையும் அகற்றினார்.

1968இல் மேஜராக ஓய்வு பெற்றார். 2023இல் அந்தமான் தீவு ஒன்றுக்கு அவர் பெயர் வைத்தார்கள். கார்வார் கடற்கரையில் சிலையும் உண்டு. அங்கே போய் வந்தவர்கள், சிலையின் படம் இருந்தால் வெள்ளிக்குள் இங்கே போடுங்கள். சரி, பேசாத நேரத்தில் மைக்கை அணைத்து வையுங்கள். போன வாரம் யார் வீட்டு மிக்ஸியோ பாதிப் பேச்சை அரைத்துவிட்டது.