ஐந்து கட்டையில் ஒரு ஹம்

திருவையாறு
ஆனி 6

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் ஆபரேஷனைத் தள்ளிப் போடாதே என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லி வைக்கிறேன். மிச்சத்தை நேரில் திட்டிக்கொள்கிறேன். இங்கே கல்லணை திறந்து நாலு நாள் ஆச்சு. புஷ்ய மண்டபப் படித்துறையில் தண்ணீர் கீழ்ப்படியைத் தொட்டுவிட்டது. குறுவைக்காரர்கள் ராப்பகலாக மோட்டார் போடுவதில் வீட்டில் வோல்டேஜ் 180-க்கு இறங்குகிறது. இந்த நேரம் பார்த்துத்தான் மாமாவின் ஆம்பிளிஃபயரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதேதான், 1979-ல் சிங்கப்பூரிலிருந்து வந்தது. 2018-ல் கஜா புயல் அடித்தபோது பரணில் ஏறியது, இப்போது வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்ததில் இறங்கியது. போட்டால் இரண்டு ஸ்பீக்கரிலும் 'ம்ம்ம்' என்று ஓயாத ஹம். அதற்கு மேல் இடது பக்கம் வருவதும் போவதுமாக இருந்தது. தஞ்சாவூரில் ஒரு கடையில் காட்டினேன். அந்த ஆள் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "சார், உள்ள இருக்கறத தூக்கிப் போட்டுட்டு புது போர்டு வச்சுத் தரேன், ப்ளூடூத்தும் வரும்" என்றான். முகத்தை விட்டுவிட்டு வயிற்றை மாற்றுகிற வேலை! பன்னிரண்டு கிலோ பெட்டியை மறுபடி ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் நான்தான் முட்டாள்தனம் செய்தேன். இன்புட் கேபிளில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, எர்த்தை மாற்றி மாற்றி இரண்டு நாளை வீணாக்கினேன். அடுப்படியிலிருந்து வந்த சரோஜா ஒரு நிமிஷம் நின்று கேட்டாள். "உங்க பெட்டி அஞ்சு கட்டைல மந்தர சட்ஜம் பிடிக்குது. தம்புராவுக்குக் கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் பாடுவது ஐந்து கட்டை சுருதி, அதன் மந்தர சட்ஜம் விநாடிக்கு 98 அதிர்வு. நம் கரண்ட் 50. ஏசியை டிசியாக்குகிற பிரிட்ஜ் டையோடைத் தாண்டினால் அது இரட்டித்து 100. அப்படியானால் இது டையோடுக்கு அப்புறம் பிறந்த சத்தம். கேபிள் வழியாக வருவதென்றால் அது 50, இன்னும் ஒரு ஸ்தாயி கீழே, அனுமந்தரத்தில் கேட்டிருக்க வேண்டும். வால்யூமைச் சுத்தமாகக் குறைத்துப் பார்த்தேன். கேபிளில் வருவதென்றால் கூடவே குறைந்திருக்க வேண்டும், ஹம் அசையவே இல்லை. சந்தேகமே இல்லை, அந்த டிசியின் ஏற்ற இறக்கத்தைச் சமனாக்குகிற ஃபில்டர் கண்டன்சர்தான். நாற்பது வருஷத்தில் உள்ளே காய்ந்துபோயிருந்தது.

4700 மைக்ரோஃபாரட், 50 வோல்ட், இரண்டு. அதே அளவில் 63 வோல்ட், 105 டிகிரி தாங்குகிறதாக வாங்கிப் போட்டேன். பழையது சொம்பு சைஸ், புதியது டம்ளர் சைஸ். பழைய கிளாம்பில் ஆடியதால் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி இறுக்கினேன். கழற்றுவதற்கு முன்னால் ரெசிஸ்டர் வைத்து சார்ஜை இறக்கினேன். பாலிடெக்னிக்கில் ஸ்க்ரூடிரைவரை வைத்து நாம் விட்ட வாணவேடிக்கை ஞாபகம் இருக்கிறதா?

நேராக பிளக்கில் சொருகவில்லை, சீரீஸ் பல்பு போட்டுத்தான், அதாவது கரண்ட் ஒரு பல்பு வழியாகவே பெட்டிக்குப் போகும்படி. 100 வாட் குண்டு பல்பு இப்போது எங்கே கிடைக்கிறது? கோழிக்குஞ்சுக்குச் சூடு வைக்கிறவரிடம் ஒன்று வாங்கி வந்தேன். பளிச்சென்று எரிந்து உடனே மங்கியது. அப்பாடா, ஷார்ட் இல்லை. எரிந்துகொண்டே இருந்திருந்தால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருக்கும். அதைத் தேடிக் கடைக்குப் போனால் பாதி போலி.

ஹம் நின்றது. இடது பக்கம் மட்டும் அடங்கவில்லை. தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்து, பெட்டி ஓடும்போதே போர்டில் ஒவ்வொரு பாகமாக மெல்லத் தட்டிக்கொண்டு போனேன். பெரிய ரெசிஸ்டர் ஒன்றைத் தொட்டதும் சத்தம் வந்தது, விட்டதும் போனது. போர்டைத் திருப்பி லென்ஸில் பார்த்தால், அதன் காலைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை மாதிரி ஒரு வட்டம். டிரை சால்டர். வருஷக்கணக்காகச் சூடாகி ஆறியதில் விட்டுப்போயிருக்கிறது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாக வைத்தேன், ஒரு நிமிஷ வேலை. வால்யூமில் இருந்த கறகறப்பு ஸ்ப்ரே அடித்து முப்பது தடவை திருகியதில் போய்விட்டது. ஸ்பீக்கர் முனையில் டிசி 30 மில்லிவோல்ட்டுக்குள் நிற்கிறது, காயில் கருகும் என்ற பயமில்லை. இருந்தாலும் முதல் நாள் ஒரு ஓட்டை ஸ்பீக்கரைத்தான் மாட்டினேன்.

நேற்று ராத்திரி, மோட்டாரெல்லாம் நின்ற பிறகு, திருச்சி வானொலியிலிருந்து அப்பா பதிந்து வைத்த நாகஸ்வரக் கேசட்டைப் போட்டேன். தோடி. தவில்காரர் வாரை இறுக்குகிற சத்தம்கூடக் கேட்டது. சரோஜா விளக்கை அணைக்கச் சொன்னாள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மூடியைத் திறந்ததும் காய்ந்த பல்லி ஒன்று, ஹீட் சிங்கில் இரண்டு குளவிக்கூடு, அதற்கெல்லாம் மேலே ஃப்யூஸில் கண்ணாடிக் குழாயைச் சுற்றி ஒரு செம்புக் கம்பி. 1986-ல் உன் தங்கை கல்யாணத்துக்கு இந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனவன் நீ ஒருத்தன்தான். திருப்பிக் கொடுக்கும்போது "ஒண்ணும் ஆகலடா" என்று வேறு சொன்னாய். சரியான ஃப்யூஸ் போட்டாயிற்று. கம்பியைத் தூக்கிப் போடவில்லை, இந்தக் கடிதத்தின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

உன்,
ராமு